சாம்பியன் ஆகியும் அடுத்த வருடம் இல்லை

சீசன் முடிந்தால் எல்லா கால்பந்து அணிக்கும் ஒரு கட்டுரை எழுதுவார்கள். யார் எத்தனை கோல், கோச் இருப்பாரா போவாரா, அடுத்த வருடம் டிஃபன்ஸுக்கு ஆள் எடுக்கணுமா வேண்டாமா... இந்த ரகம். நானும் ஒன்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் நான் எடுத்துக்கொண்ட அணிக்கு அடுத்த வருடம் என்ற சமாச்சாரமே இப்போது கிடையாது. அணி: சென்னை சிட்டி எஃப்.சி. சீசன்: 2018-19.

கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் பார்க்காத என் வகுப்புத் தோழர்களுக்காக ஒரு விளக்கம். சென்னையின் எஃப்.சி வேறு, சென்னை சிட்டி வேறு. முதலாவது ஐ.எஸ்.எல் அணி, அபிஷேக் பச்சன், தோனி எல்லாம் பங்குதாரர்கள். இரண்டாவது ஐ-லீக் அணி. பெயர்தான் சென்னை, ஆடியதோ கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். சென்னை-கோவை ரயில் பாதையில் ஏறக்குறைய நட்டநடுவில் இருக்கிறது எங்கள் சாமல்பட்டி. ஆகவே இந்த அணியில் பாதி எங்களுக்குச் சொந்தம் என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. (பெரும்பாலான எக்ஸ்பிரஸ் வண்டிகள் எங்கள் ஸ்டேஷனில் நிற்பதில்லை என்பது வேறு விஷயம் :-))

2016-17ல் ஐ-லீக்கில் நுழைந்த அணி. முதல் இரண்டு சீசனிலும் பட்டியலின் கீழ்ப்பாதிதான். மூன்றாவது சீசனில் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளராக இருந்தார். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சான்ட்ரோ ரோட்ரிகஸ் மாதிரி ஆட்கள் வந்தார்கள். இங்கே யாருக்கும் தெரியாத பெயர்கள். கூடவே நம்ம பையன்கள்: எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ, அஜித் குமார். மான்சி மட்டும் 21 கோல் போட்டார்.

கடைசி நாள் மார்ச் 9, 2019. கோவையில் மினர்வா பஞ்சாபுடன் ஆட்டம். அதே நேரம் கோழிக்கோட்டில் கோகுலத்துடன் ஈஸ்ட் பெங்கால். ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளி பின்னால். ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடமே மினர்வா கோல் போட்டுவிட்டது! இடைவேளை வரை அதே 0-1. இரண்டாவது பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார், அப்புறம் கௌரவ் போரா இரண்டு கோல். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது, ஆனால் பிரயோஜனமில்லை. 43 புள்ளிக்கு 42. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக்கை வென்றது அதுவே முதல் தடவை.

அடுத்த மாதம் புவனேஸ்வரில் சூப்பர் கப். அப்போதுதான் ஐ.எஸ்.எல் கோப்பையை வாங்கி வந்திருந்த பெங்களூரு எஃப்.சியை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். சேத்ரி ஆடும் பெங்களூருவை! எங்கள் மாவட்டத்துக்குச் சென்னையைவிட பெங்களூரு ரொம்பப் பக்கம். கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டினால் வந்துவிடும். அதனால் இங்கே கால்பந்து பார்க்கிற கொஞ்சநஞ்சம் பேரும் பெங்களூரு கட்சிதான். அந்த ஒரு நாள் மட்டும் அவர்கள் வாயடைத்துப் போயிருப்பார்கள்.

இப்போது அதே வருடத்தின் இன்னொரு பட்டியலைப் பாருங்கள். 2018-19 ஐ.எஸ்.எல். முந்தைய வருட சாம்பியன் சென்னையின் எஃப்.சி, 18 ஆட்டத்தில் 9 புள்ளி, பத்தாவது இடம். மொத்தமே பத்து அணிதான். ஆக ஒரே மாநிலம், ஒரே வருடம். மேல் லீக்கில் கடைசியாக வந்த அணி மேலேயே இருந்தது. கீழ் லீக்கில் முதலாவதாக வந்த அணி கீழேயே இருந்தது. ஏறுவதும் இறங்குவதும் அன்றைக்கு விதியிலேயே இல்லை.

பதினொன்றாம் வகுப்பு அக்கவுண்டன்ஸியில் "கோயிங் கன்சர்ன்" என்று ஒன்று வரும். வியாபாரம் தொடர்ந்து நடக்கும் என்று நம்பித்தான் கணக்கே எழுதுகிறோம். நாளைக்குக் கடையை மூடப்போகிறோம் என்றால் அதே மேஜை நாற்காலிக்கு வேறு விலை போட வேண்டும். சீசன் விமர்சனம் எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த நம்பிக்கையை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். சென்னை சிட்டிக்கும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். கோப்பை கையில், ஆசியப் போட்டிக்கு இடம், போதாக்குறைக்கு சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாஸல் 2019ல் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது.

அதென்ன 26? கம்பெனி லா பேப்பர் எழுதியவர்களுக்குச் சட்டென்று புரியும். சிறப்புத் தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். 25க்கு மேல் ஒரு பிடி வைத்திருந்தால் அதைத் தடுத்துவிடலாம். கம்பெனியை ஓட்ட வேண்டாம், ஆனால் நம்மைக் கேட்காமல் பெரிய முடிவு எடுக்க முடியாது. யோசித்துப் போட்ட பணம்தான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் எதற்கான பணம்? எவ்வளவு ஜெயித்தாலும் மேலே கதவு இல்லாத லீக்கில் ஆடும் அணிக்கு.

ஆட்டக்காரர்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். எட்வின் 2019லேயே சென்னையின் எஃப்.சிக்குப் போனார். நெஸ்டர் ஹைதராபாத்துக்கு, அந்த ஒப்பந்தச் சண்டை நான்கு மாதத் தடை வரை இழுத்தது. 2020 ஜனவரியில் மான்சி ஜப்பானுக்கு. அதே வருடம் ரொமாரியோ கோவாவுக்கு, அஜித் பெங்களூருவுக்கு. யாரையும் குறை சொல்ல முடியாது, நான்கு காசு சம்பாதிக்கிற வயது. ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1. பிறகு கொரோனா. 2021-22 ஐ-லீக் அட்டவணையில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. கோப்பை வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை.

நிர்வாகம் சரியில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இருக்கலாம். ஆனால் பெங்களூரு எஃப்.சியும் ஐ-லீக்கில்தான் தொடங்கியது. 2013-14, 2015-16 இரண்டு தடவை சாம்பியன். அந்தக் கோப்பைகள் அதை ஐ.எஸ்.எல்லுக்குக் கூட்டிப்போகவில்லை. 2017ல் டெண்டர் வந்தது, ஜே.எஸ்.டபிள்யூ பணம் கட்டியது, கதவு திறந்தது. சேலத்துக்குப் பக்கத்தில் பொட்டனேரியில் இரும்பாலை வைத்திருக்கிறார்களே, அதே ஜே.எஸ்.டபிள்யூ. அவ்வளவு பெரிய கை சென்னை சிட்டிக்குப் பின்னால் இல்லை.

மூடிய லீக்கிலும் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. கடைசி இடம் வந்த சென்னையின் எஃப்.சி இறங்கியிருந்தால் அப்படியே கலைந்து போயிருக்கலாம். இறங்காததால்தான் அடுத்த சீசனிலேயே ஓவன் கோயிலை வைத்து இறுதிப்போட்டி வரை வந்தது. தோற்றவனுக்கு இன்னொரு வருடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது நல்ல உதாரணம். ஜெயித்தவனுக்கும் அதைக் கொடுத்திருக்கலாமே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அன்று கோவையில் தோற்ற மினர்வா என்ன ஆனது? பஞ்சாப் என்று பெயர் மாறியது, 2020ல் ரவுண்ட்கிளாஸ் வாங்கியது. அதற்குள் ஐ-லீக் சாம்பியனை மேலே ஏற்றும் விதி வந்துவிட்டது. 2022-23ல் ஜெயித்தார்கள், ஐ.எஸ்.எல்லுக்குப் போனார்கள், அப்படிப் போன முதல் அணி. நான்கு வருட வித்தியாசம்தான்.

ஐ.எஸ்.எல்லில் இருந்தாலே பாதுகாப்பு என்று நினைத்தவர்களுக்கு 2025 பாடம் எடுத்தது. லீக்கை நடத்தும் உரிமை ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, புதுப்பிக்கவில்லை என்று சீசனையே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரு சம்பளத்தை நிறுத்தியது, சென்னையின் எஃப்.சி கால்பந்து வேலைகளையே நிறுத்தியது. முந்தைய சீசனில் பெங்களூரு இறுதிப்போட்டி வரை போயிருந்தது, சென்னை பதிமூன்றில் பதினோராவது. இருவருக்கும் கிடைத்தது ஒரே கடிதம்தான். அப்புறம் 2026 பிப்ரவரியில், ஆட்டங்களைக் குறைத்துச் சீசனைத் தொடங்கினார்கள்.

ஆகவே அடுத்த வருட எதிர்பார்ப்பு என்று எழுதுகிறவர்கள் புது ஸ்ட்ரைக்கர் யார் என்பதற்கு முன்னால் மூன்று விஷயம் எழுதட்டும்: லைசென்ஸ் கிடைத்ததா, முக்கியமான ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது, பணம் போடுகிறவர் இன்னும் எத்தனை வருடம் நஷ்டம் தாங்குவார். இது வாசிக்க சுவாரசியமாக இருக்காது. பேலன்ஸ் ஷீட்டும்தான் சுவாரசியமாக இல்லை, படிக்கிறோமே.

சென்னை சிட்டி விட்ட இடத்திலிருந்து யாரும் தொடங்க முடியாது. இன்றைக்கு ஓசூரிலோ கோவையிலோ ஒருவர் புதிதாக அணி ஆரம்பித்தால், கீழே இருக்கும் மூன்று தேசிய லீக்குகளை ஒவ்வொன்றாக ஏறித்தான் ஐ.எஸ்.எல்லைத் தொட முடியும். ஒரு சீசன்கூட சறுக்காமல் ஏறினாலும் குறைந்தது மூன்று வருடம். அந்த மூன்று வருடச் சம்பளத்துக்கு இப்போதே செக் எழுதத் தயாராக இருக்கும் கம்பெனி நம்ம பக்கம் எது என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.