காசோலை வந்தது, சிகிச்சையாளர் எங்கே?

கனடாவில் வாழும் நாம் அரசிடம் கேட்கத் தெரியாத சமூகம் அல்லர். ஒன்ராறியோ சட்டமன்றம் 2014 ஆம் ஆண்டு தமிழ் மரபுத் திங்களைச் சட்டமாக்கியது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு 30 இலட்சம் டொலர் திரட்டினோம். ஆனால் எம் வீடுகளில் வளரும் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக ஒரு சமூகமாக நாம் எழுப்பிய குரல் மிகச் சொற்பம். பிள்ளையைத் திருமணங்களுக்கும் கோவிலுக்கும் அழைத்து வரவே கூசும் பெற்றோர், அமைச்சரிடம் எங்ஙனம் செல்வர்?

2019 பெப்ரவரியில் அப்போதைய அமைச்சர் லிசா மக்லியொட் புதிய திட்டமொன்றை அறிவித்தார். சிகிச்சை நிலையங்களுக்குச் சென்ற நிதி இனிக் குடும்பங்களின் கைக்கே வருமாம். காத்திருந்த 23,000 பிள்ளைகளின் பட்டியல் கரைந்துவிடுமாம். ஆறு வயதிற்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டொலர் வரை, அதன்பின் 18 வயது வரை 5,000 டொலர். தீவிர நடத்தைச் சிகிச்சைக்கோ ஆண்டுக்கு 80,000 டொலர் வரை செலவாகும். மார்ச் மாதத்தில் பெற்றோர் குயின்ஸ் பார்க்கின் முன் திரண்டனர். அரசு ஆண்டு ஒதுக்கீட்டை 60 கோடி டொலராக உயர்த்தியது. பின்னர் வந்த முறையில், தேவையைப் பொறுத்து ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 65,000 டொலர் வரை கிடைக்கின்றது. பட்டியல் கரைந்ததா? பதிவு செய்தோர் 60,000ஐத் தாண்டிவிட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் சிகிச்சை நிதிக்காகக் காத்திருக்கின்றனர்.

பணம் போதாது என்பதை எல்லோரும் பேசுகின்றனர். ஆளும் போதாது என்பதைச் சேவை வழங்குநர் மட்டுமே பேசுகின்றனர். நிதி திசைமாறிய 2019 இலேயே எரினோக்கிட்ஸ் என்னும் சிகிச்சை நிலையம் 291 பணியாளரை நிறுத்துவதாக அறிவித்தது. பல ஆண்டுகள் பயின்று தேர்ந்த ஒரு சிகிச்சையாளர் வேறு தொழிலுக்குப் போனால், மறு ஆண்டு காசோலை எழுதி அவரைத் திருப்பி அழைக்க இயலுமா? கணினித் துறையில் உள்ளவன் என்ற முறையில் சொல்வேன்: வேலை செய்யும் கணினிகளை அணைத்துவிட்டு, வரிசையில் நிற்போருக்கு நுழைவுச்சீட்டு வழங்குவது தீர்வன்று.

"அவர்கள் தங்கள் பிழைப்புக்காகப் பேசுகிறார்கள்" என்று எம்மவர் சிலர் கூறுவதுண்டு. அவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகின்றேன். அத்திட்டத்தைப் பகிரங்கமாக ஆதரிக்காவிடின் நான்கு நெடிய ஆண்டுகளைச் சந்திக்க நேரும் என அமைச்சர் தம்மை எச்சரித்ததாக ஒன்ராறியோ நடத்தைப் பகுப்பாய்வாளர் சங்கம் வெளிப்படையாகக் கூறியது. அமைச்சர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். பிழைப்பு மட்டுமே நோக்கமெனில் அச்சங்கம் அன்றே இணங்கியிருக்கும். மருத்துவர் தட்டுப்பாட்டைப் பற்றி மருத்துவர் பேசினால் காது கொடுக்கும் நாம், இவர்களுக்கு மட்டும் ஏன் காதைப் பொத்துகின்றோம்?

இந்தத் தட்டுப்பாடு எம்மை இரு மடங்கு தாக்குகின்றது. ஆங்கிலம் பேசும் குடும்பத்திற்கே கிடைக்காத சிகிச்சையாளர், தமிழ் பேசுபவராகக் கிடைப்பது எளிதா? பிள்ளையை நாள்முழுதும் பார்ப்பவர் அம்மம்மா. அவருக்குப் பயிற்சி முறையைத் தமிழில் விளக்க ஆளில்லை. அதனால் "வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்ற அறிவுரை வருகின்றது. இருமொழிச் சூழல் ஓட்டிசம் உள்ள பிள்ளையின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. கெடுவது அப்பிள்ளைக்கும் அம்மம்மாவுக்கும் இடையே இருந்த ஒரே பாலம்.

நீதிமன்றம் காப்பாற்றும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாப் பெற்றோர் தொடுத்த ஓட்டன் வழக்கில், இச்சிகிச்சைக்கு நிதி வழங்க அரசியலமைப்பு மாகாணத்தைக் கட்டாயப்படுத்தவில்லை என 2004 நவம்பரில் கனடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முடிவு சட்டமன்றத்திற்குரியது. அங்கே கேட்பவருக்கே கிடைக்கும்.

ஆகவே கேட்போம். சேவை நிலையங்களுக்குப் பல்லாண்டு அடிப்படை நிதி வேண்டும். அதில் தமிழிலும் பிற குடிபெயர்ந்தோர் மொழிகளிலும் பணியாற்றுவோரைப் பயிற்றத் தனிப்பங்கு வேண்டும். 2024 யூலை முதல் நடத்தைப் பகுப்பாய்வாளர் தொழில் ஒன்ராறியோவில் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளது. இளையோரே, மருத்துவமும் பொறியியலும் தவிர இப்படியொரு மதிப்புமிக்க தொழிலும் உண்டு என்பதை உங்கள் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லுங்கள். (பொறியியல் படித்தவனே சொல்கின்றேன்.)

மாகாண வரவு செலவுத் திட்டத்திற்கு முன் பொதுமக்களின் கருத்தைச் சட்டமன்ற நிதிக்குழு ஆண்டுதோறும் கேட்கின்றது. அடுத்த அமர்வில் சேவை வழங்குநர் பேசும்போது, அவர்களுக்கு அருகில் தமிழ்ப் பெற்றோர் பத்துப் பேராவது அமர்ந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுக்கத் தன்னார்வத் தொண்டர்கள் இருக்கின்றோம். உங்கள் பிள்ளை காத்திருந்த மாதங்களின் கணக்கை மட்டும் கொண்டு வாருங்கள்.