சாலை, குளியல், சாக்கடை: ரோம் தரும் பதில்

"அடிமைமுறை உலகம் முழுக்க இருந்ததுதானே? நீங்கள் ஏன் சாதியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்?" கல்லூரிக் கருத்தரங்குகளில் நம் மாணவத் தோழர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. கேட்பவர்கள் உதாரணத்துக்கு இழுப்பது பெரும்பாலும் ரோமை. ஒரு பயிற்சிக்காக அந்த ஊருக்குப் போன நாங்கள் நான்கு பேர், மிச்சமிருந்த இரண்டு நாட்களில் ஒரு வழிகாட்டியோடு பழைய சாலை, குளியல் மண்டபம், நிலத்தடிக் கல்லறைகள் மூன்றையும் சுற்றினோம். பயணக் கட்டுரை எழுத வரவில்லை. அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லலாம் என்பதைத்தான் எழுதுகிறோம்.

ஆப்பியன் சாலை கி.மு. 312இல் தொடங்கப்பட்டது. போடச் சொன்ன அதிகாரி ஆப்பியஸ் கிளாடியஸின் பெயரையே இன்றும் சுமக்கிறது. 2024இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. வழிகாட்டி கல் பாவிய விதத்தையும் வடிகாலையும் அழகாக விளக்கினார். ஸ்பார்ட்டகஸ் பற்றி நாங்கள் கேட்ட பிறகே பேசினார். கி.மு. 71இல் அடிமைகளின் எழுச்சி தோற்றபோது, பிடிபட்ட 6,000 பேரை இதே சாலையில் காப்புவாவிலிருந்து ரோம் வரை சிலுவையில் அறைந்தார்கள். சுமார் 200 கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், முப்பத்துச் சொச்சம் மீட்டருக்கு ஒரு மனிதர். இன்று அந்தச் சாலையோரம் நம் கண்ணில் படுவது பணக்காரர்களின் சமாதிகள்.

கி.பி. 216இல் திறக்கப்பட்ட கராகல்லா குளியல் மண்டபத்தில், கட்டணம் அற்பம், ஏழைகளும் வந்து குளிக்கலாம் என்று வழிகாட்டி பெருமையாகச் சொன்னார். மகாத் குளத்துத் தண்ணீரைக் குடிப்பதற்கே 1927இல் போராட வேண்டியிருந்த நமக்கு அது லேசில் கடந்துபோகிற வாக்கியம் அல்ல. ஆனால் மண்டபத்துக்குக் கீழே வண்டி போகும் அகலத்தில் சுரங்கப் பாதைகள் ஓடுகின்றன. விறகு வந்ததும் உலை எரிந்ததும் அங்கேதான். மேலே வெந்நீரில் கிடந்தவர் கண்ணில் படாமல், கீழே புகையில் வெந்தவர்கள் வேலை பார்த்தார்கள்.

அவர்கள் யார்? அரசர் வாயாலேயே ஒரு தடயம் இருக்கிறது. இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு சிக்கலை எழுதினார். தண்டனை பெற்ற சிலர் தண்டனையை அனுபவிக்காமல் நகராட்சி அடிமைகளின் வேலையைப் பார்த்துக்கொண்டு சம்பளமும் வாங்குகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டார். டிராஜன் சொன்ன வழி: பத்து ஆண்டுகளுக்கு முன் தண்டிக்கப்பட்ட வயதானவர்களைத் தண்டனைக்கு நெருக்கமான வேலைகளில் போடுங்கள். குளியல் மண்டபம், சாக்கடை சுத்தம், சாலைப் பராமரிப்பு. சுற்றுலாப் பயணிகள் வாய்பிளந்து பார்க்கிற சாலையும் குளியலும், சாக்கடையோடு சேர்ந்து ஒரே தண்டனைப் பட்டியலில் வருகின்றன!

இதைவிட நம்மை உலுக்கியது நேப்பிள்ஸ் பக்கத்திலுள்ள பழைய புட்டியோலி நகரத்தின் கல்வெட்டு. சுமார் 2,000 ஆண்டுப் பழசு. பிணம் எடுக்கும், மரண தண்டனை நிறைவேற்றும் வேலையைக் குத்தகைக்கு விட்ட ஒப்பந்தம் அது. அந்தத் தொழிலாளர்கள் ஊருக்குள் குடியிருக்கக் கூடாது. வேலைக்காக அல்லாமல் ஊருக்குள் வரக் கூடாது. வரும்போது தலையில் வண்ணக் குல்லாய் இருக்க வேண்டும். எந்த நேரத்தில் குளிக்கலாம் என்பதற்கும் விதி. படிக்கும்போது நம் ஊர்ச் சேரியும் சுடுகாடும் நினைவுக்கு வராமல் போகுமா?

அப்படியானால் "எல்லா இடத்திலும் இருந்தது" என்பவர்கள் சொல்வது சரிதானா? பாதி சரி. இழிவு அங்கேயும் இருந்தது, அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மறுபாதியை அண்ணல் அம்பேத்கர் எழுதிவிட்டார். ரோமின் அடிமைகளையும் இந்தியத் தீண்டாமையையும் பக்கத்தில் வைத்து, எது மோசம் என்று கேட்டவர் அவர். ரோமில் அடிமைகள் ஆசிரியர்களாக, மருத்துவர்களாக இருந்ததைச் சுட்டினார். அடிமைக்குச் சோறு போடும் பொறுப்பாவது எஜமானுக்கு உண்டு, தீண்டப்படாதவருக்கு யாரும் பொறுப்பில்லை என்றார். 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் மலக்குழியில் விஷவாயு தாக்கிச் சாகிறவர்களின் சாவுக்கு நகராட்சி ஒப்பந்தக்காரரைக் கைகாட்டும், ஒப்பந்தக்காரர் மேஸ்திரியைக் கைகாட்டுவார். அம்பேத்கர் சொன்னது இதைத்தான்.

இன்னொரு வேறுபாடு. அடிமைத் தாயின் பிள்ளை ரோமிலும் அடிமைதான். ஆனால் விடுதலை பெற்ற அடிமைக்கு அதன்பின் பிறந்த பிள்ளை குடிமகன். அப்படி ஓர் அடிமையின் மகன் பெர்டினாக்ஸ் கி.பி. 193இல் பேரரசராகவே உட்கார்ந்தார் (மூன்று மாதத்துக்குள் கொன்றுவிட்டார்கள், அது வேறு கதை). டிராஜனின் சாக்கடைக்குள் இறங்க ஒருவர் தண்டனை பெற்றிருக்க வேண்டும். இங்கே பிறந்தாலே போதும். இன்று ரோமில் வாடகைக்கு வீடு தேடுகிறவரிடம், உன் முப்பாட்டன் பிணம் தூக்கியவனா என்று யாரும் கேட்பதில்லை. நம் ஊரில் எப்படி என்று வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக இறங்கியது தொமித்தில்லா சுரங்கக் கல்லறை. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், வழி தவறினால் அவ்வளவுதான். மென்மையான எரிமலைப் பாறையைக் குடைந்து அடுக்கடுக்காகப் பிணக்குழிகள். நகருக்குள் புதைக்கச் சட்டம் அனுமதிக்காததால் எல்லாம் ஊருக்கு வெளியே. இதைத் தோண்டிய தொழிலாளர்களில் ஒருவரான தியோஜெனஸுக்கு 4ஆம் நூற்றாண்டில் இங்கே ஓவியம் தீட்டினார்கள். கையில் கடப்பாறையும் விளக்கும், சுற்றிலும் கருவிகள், மேலே அவர் பெயர், தொழில், அடக்கம் செய்த நாள். குழிவெட்டுவதை அவமானமாக மறைக்கவில்லை.

உடனே கிறிஸ்தவம் விடுவித்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ஓடிப்போகும் அடிமைகளுக்கு மாட்டிய உலோகக் கழுத்துப் பட்டைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று, ஃபெலிக்ஸ் என்ற திருச்சபைத் தலைமைத் தொண்டருக்குச் சொந்தமான அடிமையுடையது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் சாதிக்கு நடுவே எழும்பிய சுவரை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

தியோஜெனஸின் ஓவியத்தை 18ஆம் நூற்றாண்டில் சுவரிலிருந்து பெயர்த்தெடுக்கப் பார்த்து நாசமாக்கிவிட்டார்கள். முழு உருவம் இப்போது ஒரு பழைய நூலில் அச்சான வரைபடத்தில்தான் இருக்கிறது. எங்கள் வழிகாட்டி அவருக்கு ஒதுக்கியது ஒரு நிமிடம். நாங்கள் கேட்டதால் இன்னொரு நிமிடம் நின்றார்.