சுங்குவார்சத்திரத்து ஐபோனும் மீனம்பாக்கம் சரக்குக் கூடமும்: பரந்தூர் பேச்சில் விடுபடுவது என்ன?

2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் சென்னையிலிருந்து அமெரிக்காவுக்குச் சுமார் ஆறு சரக்கு விமானங்கள் பறந்தன. உள்ளே போனது ஏறத்தாழ 600 டன் ஐபோன்கள். டிரம்ப் அரசின் புதிய வரி வருவதற்குள் சரக்கைக் கரை சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரம். அந்தச் சமயத்தில் சென்னை விமான நிலையத்தில் சுங்க அனுமதிக்கு ஆகும் நேரம் 30 மணியிலிருந்து 6 மணியாகக் குறைக்கப்பட்டது என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது.

புது ஓடுபாதை போடவில்லை, ஒரு ஏக்கர் நிலம் எடுக்கவில்லை. 24 மணி நேரம் மிச்சமானது.

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதிக்கு விமான நிலையம் எதற்கு என்று யோசிப்பவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். விமான நிலையம்னா நமக்கு ஞாபகம் வருவது பயணிகள் கூட்டமும், மீனம்பாக்கத்தில் உடைந்து விழுந்த கண்ணாடிகளும்தான். தொழிற்சாலைக்கு அது வேறு இடம்.

எது பறக்கிறது, எது மிதக்கிறது?

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் கார்களும் ஒரகடம் ரெனோ – நிசான் கார்களும் கப்பலில்தான் வெளிநாடு போகின்றன. செல்போன் அப்படியில்லை. எடை குறைவு, விலை அதிகம். ஒரு மாதம் கடலில் கிடந்தால் அத்தனை பணமும் முடங்கும். அதற்குள் அடுத்த மாடலே வந்துவிடும். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொடங்கிய நாளிலிருந்தே இந்தக் கணக்கு இருக்கிறது. கார் ஆலைகளுக்கும் விமானம் தேவைப்படும், ஆனால் ஆபத்துக்கு. ஒரு சின்ன உதிரிபாகம் வராமல் மொத்த லைனும் நிற்கும்போது, அது ஜெர்மனியிலோ கொரியாவிலோ இருந்து பறந்து வரும்.

தொழிற்சாலையிலிருந்து லாரி கிளம்பி மீனம்பாக்கம் வருவது சுமார் 40 கி.மீ. அதன் பிறகுதான் உண்மையான பயணம். சரக்கை இறக்கி, எடை போட்டு, எக்ஸ்ரேயில் பார்த்து, ஏற்றுமதி ஆவணத்தைச் சுங்கத் துறை சரிபார்த்து, தட்டுகளில் அடுக்கி வலை கட்டி, விமானத்தில் ஏற்ற வேண்டும். இதில் எந்த இடத்தில் ஆள் இல்லையென்றாலும் பெட்டி அங்கேயே உட்கார்ந்துவிடும். விமான நிலையத்தின் ‘சேவை’ என்பது ஒரு தொழிற்பேட்டைக்கு இதுதான். ஐபோனுக்குக் கிடைத்த 6 மணி நேரம், பத்து மாதிரிப் பெட்டிகளை அனுப்பும் சிறு உதிரிபாகப் பட்டறைக்கும் கிடைக்க வேண்டாமா? அதற்குத் தேவை கூடுதல் அலுவலர்களும் இரவு ஷிப்டும்.

சரி, அப்போ பரந்தூர் வேண்டாமா? அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. மீனம்பாக்கத்தின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. தனித்தனியாக ஒரே நேரத்தில் இயக்க முடியாது. ஒரு பக்கம் ஜிஎஸ்டி சாலை, இன்னொரு பக்கம் அடையாறு, சுற்றிலும் வீடுகளும் குன்றுகளும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிலையமே நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. நெருக்கடி உண்மையானதுதான்.

ஆனால் 2022-ல் பரந்தூர் அறிவிக்கப்பட்டபோது கொடுக்கப்பட்ட விலையும் உண்மை. 5,000 ஏக்கருக்கு மேல் நிலம், அதில் பெரும்பகுதி பட்டா நிலம், ஏரிகள், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தண்ணீர் கொண்டுவரும் கம்பன் கால்வாயின் ஒரு பகுதி. ஏகனாபுரம் மக்கள் 1,000 நாட்களைத் தாண்டிப் போராடியிருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லப்படுவது தொழில் வளர்ச்சி. அப்படியென்றால் எந்தத் தொழிலுக்கு, என்ன சேவை, எந்த நிலையத்தில் என்று திட்டவட்டமாகச் சொல்லும் கடமை அரசுக்கு இருக்கிறது.

இரண்டு நிலையம் என்றால் சரக்கு எங்கே போகும்?

பெங்களூரிலும் ஐதராபாத்திலும் 2008-ல் புதிய நிலையங்கள் வந்ததும் பழையவற்றில் வழக்கமான பயணிகள் சேவை நிறுத்தப்பட்டது. சென்னையில் இரண்டும் இயங்கும் என்பதே திட்டம். இங்கேதான் சிக்கல். விமானச் சரக்கில் பெரும் பங்கு தனிச் சரக்கு விமானத்தில் போவதில்லை. பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில், நம் பெட்டிகளோடு சேர்ந்து போகிறது. ஆகவே நீண்ட தூர வெளிநாட்டு விமானங்கள் எங்கே இறங்குகின்றனவோ, அங்கேதான் சரக்கும் போகும். பாதி இங்கே பாதி அங்கே என்று பிரித்தால் லாரி, சுங்க அலுவலகம், குளிர்பதனக் கிடங்கு எல்லாம் இரண்டாகும்.

கனடாவின் மான்ட்ரியல் இதில் சூடுபட்ட ஊர். 1975-ல் மிராபெல் என்ற பிரம்மாண்ட நிலையத்தைத் திறந்து, வெளிநாட்டு விமானங்களை அங்கே அனுப்பி, உள்நாட்டு விமானங்களைப் பழைய டோர்வலிலேயே வைத்தார்கள். மாறிப் போகும் பயணி அலைந்தார், விமான நிறுவனங்கள் டொரன்டோ பக்கம் போயின. 2004-ல் மிராபெலின் பயணிகள் சேவையே முடிந்தது. அங்கேயும் விவசாயிகளிடம்தான் நிலம் எடுத்தார்கள். எடுத்ததில் பெரும்பகுதியைப் பின்னால் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இங்கே டொரன்டோவின் இடத்தில் பெங்களூர் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் அதே நெடுஞ்சாலையில் நேராகப் போனால் வந்துவிடும். விமானச் சரக்கில் அது ஏற்கெனவே சென்னையை முந்திவிட்டது. பரந்தூரில் முதல் விமானம் இறங்கும்வரை சுங்குவார்சத்திரத்து லாரி காத்துக்கொண்டிருக்காது. மீனம்பாக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றால், அடுத்த முறை ஓட்டுநர் வண்டியை மேற்கே திருப்புவார்.