துக்க வீட்டு வாசலில் சரவெடி

வடகிழக்குப் பருவமழை ஏமாற்றாத வருஷமென்றால், டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்துப் பிளவக்கல் அணையில் தண்ணீர் ததும்பி நிற்கும். கூமாபட்டி, வத்திராயிருப்பு வயல்கள் பச்சைப் பசேலென்று கிடக்கும். கிறிஸ்தவ வீடுகளில் ஸ்டார் ஏறிவிடும். அந்த மலையடிவாரத்து ஊர் ஒன்றில், ஒரு வருஷம், ஒரு வீட்டில் மட்டும் ஸ்டார் ஏறவில்லை. பட்டாசு ஆலைக்கு வேன் ஏறிப்போன வீட்டுக்காரர் உயிரோடு திரும்பவில்லை.

நள்ளிரவு தாண்டிக் கேரல் குழு வந்தது. டிரம், முகமூடி மாட்டிய கிறிஸ்துமஸ் தாத்தா, கைத்தட்டல். பாட்டு முடிந்ததும் உற்சாகத்தில் ஒரு பையன் வாசலிலேயே சரவெடியைக் கொளுத்திவிட்டான். கதவோரம் நின்ற அந்த வீட்டு அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். குழுவில் இருந்த பெரியவர் குனிந்து சொன்னார்: "பண்டிகையும் அதுவுமா அழக்கூடாதும்மா. ஆண்டவர் கூட்டிட்டுப் போயிட்டாரு, சந்தோஷப்படணும்."

பெரியவர் மனதில் வஞ்சகம் இல்லை. விசுவாசி அழக்கூடாது, பண்டிகை நாளில் அழுதால் அது விசுவாசக் குறைவு என்று நம் சபைகளில் ஊறிப்போனதைத்தான் அவரும் சொன்னார். ஆனால் இதைப் போல வேதத்துக்கு விரோதமான பேச்சு வேறில்லை.

நாம் கட்டுகிற ஸ்டார் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் வருகிறது. அதே அதிகாரத்தில்தான் ஏரோது பெத்லகேமின் குழந்தைகளை வெட்டிப்போடுகிறான். ஆறுதலே வேண்டாமென்று அழுகிற தாயின் குரலும் அங்கேயே கேட்கிறது. மத்தேயு அந்தத் தாயை அதட்டவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை டிசம்பர் 28-ஐ மாசில்லாக் குழந்தைகளின் நாளாகவே வைத்திருக்கிறது. நாமோ அந்த அதிகாரத்திலிருந்து ஸ்டாரை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டோம்.

லாசருவின் கல்லறைக்குப் போன இயேசு, இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போவதை அறிந்தவர். அறிந்தும் அழுதார். அவருக்கு விசுவாசக் குறைவு என்று எந்த உபதேசியார் சொல்வார்?

தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதைச் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். நம்பிக்கை இல்லாதவர்கள் துக்கப்படுவது போலத் துக்கப்பட வேண்டாம் என்பதுதான் அவர் சொன்னது. துக்கமே கூடாது என்று அவர் எங்கும் எழுதவில்லை. அழுகிறவர்களோடு சேர்ந்து அழச் சொன்னதும் அதே பவுல்தான்.

யோபுவின் சிநேகிதரைப் பாருங்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டது. கடைசியில் கடவுளே அவர்கள்மேல் கோபப்பட்டார்.

இதெல்லாம் நமக்குப் புதிதா என்ன? சாவு வீட்டுக்குப் போவதை நம் ஊரில் 'துக்கம் விசாரிப்பது' என்கிறோம். விசாரிப்பது என்றால் கேட்பது. பதில் சொல்வதற்கு அங்கே வேலையில்லை. நம் பாட்டிமார் சாவு வீட்டுக்குப் போனதும் கையைப் பிடித்துக்கொண்டு கூட உட்கார்ந்து அழுதார்கள். அதை மறந்துவிட்டு, வசனத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாயை அடைக்கப் போகிறோம்.

விருதுநகர் மாவட்டத்துக்கு இந்தப் பாடம் மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்திலும் வெடித்த பட்டாசு ஆலைகள் எத்தனை வீட்டு விளக்கை அணைத்தன! ஊருக்கெல்லாம் கொண்டாட்டமாகக் கேட்கிற சத்தம் அந்த வீடுகளில் வேறு மாதிரிக் கேட்கும். கடற்கரையைக் கேளுங்கள். 2004-இல் சுனாமி வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. பண்டிகைக்கு வேளாங்கண்ணி போனவர்களில் பலர் வீடு திரும்பவில்லை. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயலில் சிக்கிய குமரி மீனவர்கள் பலரின் உடல்கூடக் கிடைக்காமலேயே அந்த வருஷக் கிறிஸ்துமஸ் வந்தது. அந்தத் தாய்மாரிடம் போய் 'சந்தோஷப்படுங்கள்' என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்?

அதற்காக, துக்க வீடு என்று கேரல் குழு தாண்டிப் போவதும் சரியில்லை. போக வேண்டும். தெருமுனையிலேயே டிரம்மை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேச வேண்டும். கேட்டால் ஒரு பாட்டு, மெதுவாக. 31-ஆம் தேதி இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பதற்கு முன், அந்த வருஷம் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து ஐந்து நிமிடம் மைக்கை அணைத்து வைக்கலாம். எலியாவுக்குக் கடவுள் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் வரவில்லை. அதற்குப் பின் வந்த மெல்லிய சத்தத்தில்தான் வந்தார். நம் கூம்பு ஸ்பீக்கர்களைத் தாண்டி அது யார் காதில் விழும்?

துக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்டார் கட்ட மனம் வரவில்லையா, கட்ட வேண்டாம். கூட்டம் தாங்கவில்லையா, ஆளில்லாத நேரத்தில் கோயிலின் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். இல்லை, அணைக்கரைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருங்கள். அதுவும் ஜெபம்தான்.

மற்றவர்களுக்கு: இந்த டிசம்பரில் உங்கள் தெருவில் ஸ்டார் ஏறாத வீடு எது என்று பாருங்கள். வெடியை வீட்டில் வைத்துவிட்டு அங்கே போங்கள். அவர்கள் அழட்டும். நீங்கள் கூட இருங்கள்.