பனிச்சரிவும் டெஸ்ட் செக்கிங்கும்

எங்கள் வரதராஜன்பேட்டையில் பனி என்றால் மார்கழி விடியலில் முந்திரி இலையிலிருந்து சொட்டுவது. அதற்கே காதை மூடி மப்ளர் கட்டுகிற ஊர். அங்கே உட்கார்ந்துகொண்டு இவன் குல்மார்க் பனிச்சறுக்கைப் பற்றி எழுதுகிறானா என்று சிரிக்கப்போகும் வகுப்புத் தோழர்களே, தாராளமாகச் சிரித்துவிட்டு வாருங்கள். ஆடிட்டிங் பேப்பர் எழுதியவர்களுக்கு இதில் விஷயம் இருக்கிறது.

காஷ்மீரின் குல்மார்க்கில் ஒரு ரோப் கார் இருக்கிறது. இரண்டாம் கட்டத்தில் ஏறினால் அஃபர்வத் மலையில் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து கீழே வர, ரோந்துக் குழு கண்காணிக்கிற பகுதி ஒன்று உண்டு. அதைத் தாண்டி யாரும் பார்த்துக்கொள்ளாத மலைச்சரிவுகளும் உண்டு. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுக்காகத்தான். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத்தில் சரிந்த பனியில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று, கீழே கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தபோதே, மேலே ஒரு ரஷ்யர் இறந்தார். இவர்கள் யாரும் செருப்போடு பனியில் செல்ஃபி எடுக்கப் போனவர்கள் அல்ல. பனிச்சறுக்கு தெரிந்தவர்கள்.

பிறகு ஏன்?

பனி ஒரே மூட்டையாக விழுந்து கிடப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. தரையை ஒட்டிய பனி ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும். மேகமில்லாத இரவில் மேற்பரப்பு அதைவிடப் பல டிகிரி கீழே போய்விடும். இந்த வித்தியாசத்தால் அடியிலிருந்து நீராவி மேலே நகரும். நடுவிலுள்ள பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சீனி மாதிரி ஆகிவிடும். பனி மெல்லிசாகக் கிடந்தால் இது இன்னும் மோசம். அதன்மேல் காற்றோடு ஒரு பெரிய பொழிவு வந்தால், சீனியைக் கொட்டி அதன்மேல் பலகையை வைத்த கதைதான். மலை 30 முதல் 45 டிகிரி சாய்ந்திருந்தால் ஒரு ஆளின் எடை போதும், பலகை உடைந்து கிளம்பிவிடும். உடைவது பெரும்பாலும் அவருக்கு மேலே. அதாவது அவர் நிற்பது ஓடுகிற பலகையின் நடுவில்.

இன்னொன்று. ஆளைக் கொல்லும் பனிச்சரிவு எங்கிருந்தோ தானாக வந்து விழுவதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் பயிற்சி வகுப்புகளில் முதல் நாளே சொல்லித் தருவது இதுதான்: பத்தில் ஒன்பது விபத்துகளில் பனியைக் கிளப்பிவிட்டது மாட்டிக்கொண்டவரே, அல்லது கூட வந்தவர்.

சரி, முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாதா? அதற்குத்தான் குழி தோண்டிப் பார்க்கிறார்கள். பனியில் குழி வெட்டி, அதன் சுவரிலிருந்து முப்பது சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு தூணைப் பிரித்தெடுப்பார்கள். தூணின் மேல் மண்வெட்டியின் தகட்டை வைத்துத் தட்டுவார்கள். மணிக்கட்டிலிருந்து பத்து தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில், எந்த அடுக்கில், எப்படி வழுக்கிக்கொண்டு வருகிறது என்று பார்ப்பார்கள். முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நம் டெஸ்ட் செக்கிங்தான். ஆயிரம் வவுச்சரில் ஐம்பதை எடுத்துப் பார்ப்பது. ஐம்பதும் சரி என்றால் மிச்சமும் சரியாக இருக்கும்.

ஆனால் வவுச்சர் கட்டிலிருந்து எங்கே வேண்டுமானாலும் உருவிப் பார்க்கலாம். மலையில் முடியாது. குழி வெட்டுவது பத்திரமான இடத்தில்தான் (ஆபத்தான இடத்தில் போய் வெட்டினால் அதுவே கடைசிக் குழி). இருபது அடி தள்ளி, காற்று பனியை வேறு மாதிரி குவித்திருக்கும். ஒரு பாறைக்கு மேலே பனி மெல்லிசாக இருந்து, அந்தச் சீனி அடுக்கு காலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். மாதிரியில் பலவீனம் தெரிந்தால் அது உண்மையான செய்தி. தெரியவில்லை என்றால் அது செய்தியே அல்ல. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: அந்தக் குழிக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் மட்டும்தான் உண்டு. 'போ' என்று சொல்லும் அதிகாரம் கிடையாது. நல்ல பயிற்சியாளர்களும் இதையே சொல்கிறார்கள். ஆனால் மூன்று மணி நேரம் ஏறி வந்தவர்கள் குழி வெட்டுவது பெரும்பாலும் 'போ' என்ற பதிலைக் கேட்கத்தான் என்பது என் சந்தேகம்.

சத்யம் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? 2009 ஜனவரியில் ராமலிங்க ராஜுவின் கடிதம் வரும்வரை வருஷா வருஷம் சுத்தமான தணிக்கை அறிக்கை. கடிதம் வந்தபின்தான் 5,040 கோடி ரூபாய் ரொக்கமும் வங்கி இருப்பும் இல்லவே இல்லை என்று தெரிந்தது. எத்தனை சுத்தமான அறிக்கைகள் வந்தன என்பது எதற்கும் ஆதாரமாகவில்லை.

மலையில் இது இன்னும் கொடுமை. எந்த நாளை எடுத்தாலும் பெரும்பாலான மலைச்சரிவுகள் சரியாமல்தான் இருக்கும். ஆகவே தப்பாகக் கணித்தவரும் நன்றாகவே இறங்கி வந்துவிடுவார். வந்து, தன் கணிப்பு சரி என்று எழுதிவைத்துக்கொள்வார். இப்படிப் பத்து வருஷம் ஓடினால் அதற்குப் பெயர் அனுபவம்! இயன் மெக்கமன் என்ற அமெரிக்கர் எழுநூறுக்கும் மேற்பட்ட விபத்துகளை அலசி 2004-இல் எழுதினார். பழகிய இடம் என்றால் பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களைப் போலவே ஆபத்துக்குள் போயிருக்கிறார்கள் என்று கண்டார். அஃபர்வத்துக்குப் பக்கத்திலேயே, கிலன்மார்க்கில், 2010 பிப்ரவரியில் பயிற்சியில் இருந்த பதினைந்துக்கும் மேற்பட்ட ராணுவ வீரர்களைப் பனி மூடியது. உயரமான மலைப் போர்முறையைச் சொல்லிக்கொடுக்கிற ராணுவப் பள்ளியில் பயின்றவர்கள் அவர்கள்.

புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைத்தாலே அதிகம். ஹெலிகாப்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கூட வந்தவர் கையில் இருக்கும் மண்வெட்டிதான் மருத்துவம்.

'பணக்கார வெள்ளைக்காரர் விளையாட்டு, நமக்கென்ன' என்பவர்களுக்கு இரண்டு தேதிகள். 2023 ஏப்ரல் 4, சிக்கிமில் நாது லா போகும் சாலை. சுற்றுலாப் பயணிகளுக்குப் பாஸ் கொடுத்தது 13-வது மைல் வரை. பனி வந்தது 15-வது மைலில். ஏழு பேர் இறந்தார்கள். சறுக்குக் கட்டை கட்டியவர்கள் இல்லை, நம் வீட்டு ஆட்கள் டூர் போகிற மாதிரி போனவர்கள். 'நேற்று வந்தவர்களெல்லாம் அதுவரை போனார்களே' என்ற கணக்கு சாலையோரத்திலும் ஓடுகிறது.

மற்றொன்று 2016 பிப்ரவரி 3. சியாச்சினில் 19,600 அடி உயரக் காவல் சாவடியில் மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். அதில் நான்கு பேர் தமிழ்நாட்டவர். ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்ட ஹனுமந்தப்பா டெல்லி மருத்துவமனையில் 11-ஆம் தேதி இறந்தார். இவர்களை நான் மேலே சொன்ன ஆட்களோடு ஒரே வரியில் சேர்க்கமாட்டேன். 'இன்று வேண்டாம், திரும்பிவிடலாம்' என்று சொல்லும் வசதி அவர்களுக்கு இல்லை. ராணுவத்துக்காகவே 1969-இல் மணாலியில் ஒரு பனி ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். 2020-இல் அது டிஆர்டிஓவின் இன்னொரு ஆய்வகத்தோடு இணைக்கப்பட்டது. இமயமலைப் பகுதிகளுக்கான பனிச்சரிவு எச்சரிக்கை அங்கிருந்துதான் வருகிறது. அந்த எச்சரிக்கையைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போகும் உரிமை சறுக்க வந்தவருக்கு இருக்கிறது, சாவடிக்காரருக்கு இல்லை. இருக்கிற உரிமையை முன்னவர் பயன்படுத்தாததுதான் எனக்கு ஆறவில்லை.

ஆகவே உங்களில் யாராவது வேலைக்குப் போய், காசு சேர்த்து, என்றைக்காவது குல்மார்க் போனால் (கவிதாவும் அருளும் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான்) கைடிடம் 'அண்ணா, பத்திரமா?' என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லாரும் 'பத்திரம்' என்றுதான் சொல்வார்கள். 'இன்றைக்கு என்ன தெரிந்தால் நீங்கள் திரும்பிவிடுவீர்கள்?' என்று கேளுங்கள். பக்கத்து மலையில் புதிதாகச் சரிந்த தடம், காலடியில் 'தொம்' என்று அமுங்கும் சத்தம், பனியில் ஓடும் விரிசல், ராத்திரி கொட்டிய பனி, திடீரென ஏறிய வெயில் என்று அவர் அடுக்கினால் கூடப் போகலாம். யோசித்துவிட்டு 'அப்படி ஒன்றும் இல்லை' என்றால், குல்மார்க்கில் கஹ்வா டீ நன்றாக இருக்குமாம், கீழேயே உட்கார்ந்து குடியுங்கள் :-)