சுவருக்கு யார் பொறுப்பு?

கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எதற்கு என்று கேட்டால், தமிழ்நாட்டின் பல கத்தோலிக்கப் பங்குகளில் கிடைப்பது ஒரே பதில்தான்: "அது ஊர் வழக்கம்." திருவிழா வரியைக் காலனி மக்களிடம் ஏன் வாங்குவதில்லை என்று கேட்டாலும் அதே பதில். தேர் ஏன் காலனித் தெருவுக்குள் வருவதில்லை என்றாலும் அதே பதில். பங்குத்தந்தையிடம் போனால், "நான் வருவதற்கு முன்பிருந்தே இப்படித்தான்" என்கிறார். ஆயர் இல்லத்துக்குப் போனால், "மக்கள் மனம் மாற வேண்டும்" என்கிறார்கள். ஊர்ப் பெரியவர்களோ, "எங்கள் தாத்தா காலத்து ஏற்பாடு" என்று முடித்துவிடுகிறார்கள். சுவர் நிற்கிறது. அதற்குப் பொறுப்பேற்க மட்டும் ஆள் இல்லை.

தீண்டாமைக்கு எதிராக அரசியல் சட்டம் சொல்வதை நம் வாசகர்கள் அறிவார்கள். இன்று நாம் பேசப்போவது கத்தோலிக்கத் திருச்சபையின் சொந்தப் போதனையை வைத்து. சுதந்திரம், அறநெறி, பொறுப்பு ஆகிய மூன்றையும் பற்றி அந்தத் திருச்சபை கற்பிப்பதை எடுத்துப் படித்தால், 'ஊர் வழக்கம்' என்ற பதில் அதன் முன் நிற்கவே முடியாது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஆவணம் இதற்கு அடிப்படை. மனிதருக்குக் கிடைத்திருக்கும் சுதந்திரம் கடவுளின் சாயலுக்கு அடையாளம் என்று அது சொல்கிறது. ஒவ்வொருவர் உள்ளத்திலும் மனச்சான்று என்ற ஒன்று இருக்கிறது. நன்மையைச் செய், தீமையை விலக்கு என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சட்டத்தை மனிதர் தாமாக உண்டாக்கவில்லை, அதற்குக் கீழ்ப்படியவே கடமைப்பட்டிருக்கிறார் என்கிறது. அதே ஆவணம், இனம், நிறம், மொழி, சமூக நிலை ஆகியவற்றின் பேரில் மனிதரின் அடிப்படை உரிமைகளில் பாகுபாடு காட்டுவது கடவுளின் திட்டத்துக்கே எதிரானது, அதை ஒழிக்க வேண்டும் என்கிறது. சாதி என்ற சொல் அங்கே இல்லாமல் இருக்கலாம். ஆனால் பிறப்பை வைத்து ஒருவரைப் பீடத்துக்கு அருகிலும் இன்னொருவரை வாசலுக்கு அருகிலும் நிறுத்துவது இதில் அடங்காது என்று எந்த மறைக்கல்வி ஆசிரியராலும் சொல்ல முடியாது.

சுதந்திரம் என்றால் நினைத்ததைச் செய்யும் உரிமை என்பது பலர் எண்ணம். கத்தோலிக்கப் போதனை அப்படிச் சொல்லவில்லை. செய்யவும் செய்யாமல் இருக்கவும் நமக்கு ஆற்றல் இருப்பதால்தான் நம் செயலுக்கு நாமே பொறுப்பாளி ஆகிறோம் என்று அது கற்பிக்கிறது. சுதந்திரமும் பொறுப்பும் ஒரே நாணயத்தின் இரு பக்கம். "நான் என்ன செய்ய, வழக்கம் அப்படி" என்று சொல்கிறவர், தன் பொறுப்பை மட்டும் கைவிடவில்லை. தான் சுதந்திரமான மனிதர் என்பதையும் சேர்த்தே கைவிடுகிறார்.

இந்தப் போதனை மனிதரின் பலவீனத்தை அறியாததும் அல்ல. அறியாமை, அச்சம், ஊறிப்போன பழக்கம் போன்றவை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கலாம், சில நேரம் இல்லாமலும் ஆக்கலாம் என்று 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் ஒப்புக்கொள்கிறது. நியாயம்தான். ஊர்க்கட்டுக்குப் பயந்து, காலனியில் இருக்கும் நண்பன் வீட்டுத் திருமணத்துக்குப் போகாமல் இருக்கும் கூலிக்காரருக்கும், அந்த ஊர்க்கட்டைக் கூட்டிவைக்கும் நிலக்காரருக்கும் ஒரே அளவு பொறுப்பு என்று நாமும் சொல்ல மாட்டோம். ஆனால் அதே நூல் இன்னொன்றையும் சொல்கிறது. உண்மையைத் தெரிந்துகொள்ள அக்கறையே காட்டாமல், பாவத்துக்குப் பழகிப் பழகி மனச்சான்றைக் குருடாக்கிக்கொண்டவர், அந்த அறியாமைக்கும் தானே பொறுப்பு. பல தலைமுறையாக ஒவ்வொரு ஞாயிறும் பூசை கண்டவர்கள், எதிர்த் தெருவில் இருப்பவரும் அதே திருமுழுக்குப் பெற்றவர் என்பது தெரியாது என்றால் யார் நம்புவார்கள்?

"இது சமூகப் பாவம், தனி மனிதர் என்ன செய்ய முடியும்?" என்பது கொஞ்சம் படித்தவர்கள் சொல்லும் பதில். அதற்கும் வழி அடைபட்டிருக்கிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984இல் எழுதிய ஒப்புரவு குறித்த மடலில், சமூகப் பாவம் என்பது பல தனி மனிதர்களுடைய பாவங்களின் குவியல்தான் என்று விளக்கினார். தீமையை உண்டாக்குகிறவர்கள், அதனால் லாபம் அடைகிறவர்கள், தடுக்க முடிந்தும் சோம்பலாலோ பயத்தாலோ சும்மா இருப்பவர்கள், உலகை மாற்ற முடியாது என்று சாக்குச் சொல்லி ஒதுங்குகிறவர்கள் என அந்தக் குவியலில் யார் யார் பங்கு இருக்கிறது என்றும் சொன்னார். சுவருக்குக் கை கால் இல்லை. செங்கல் வாங்கியவர், பணம் கொடுத்தவர், அனுமதித்தவர், பார்த்தும் பேசாமல் இருந்தவர் என்று மனிதர்கள்தான் அதைக் கட்டினார்கள். இன்றும் மனிதர்கள்தான் அதைக் காத்து நிற்கிறார்கள்.

பிறர் செய்யும் பாவத்தில் நமக்குப் பங்கு வரும் வழிகளையும் மறைக்கல்வி நூல் பட்டியலிடுகிறது. நேராகக் கலந்துகொள்வது, கட்டளையிடுவது, யோசனை சொல்வது, புகழ்வது, ஒப்புதல் தருவது, தடுக்க வேண்டிய கடமை இருந்தும் தடுக்காமல் இருப்பது, தீமை செய்பவரைக் காப்பாற்றுவது. நம் பங்குப் பேரவைக் கூட்டத்தை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். காலனிக்காரர்களிடம் வரி வேண்டாம் என்று தீர்மானம் போடுகிறவர் ஒருவர். தலையாட்டுகிறவர் பத்துப் பேர். "பிரச்சினை வேண்டாம்" என்று கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர். வரி வேண்டாம் என்பது சலுகை அல்ல. வரி கொடுத்தவருக்குத்தான் தேரில் தோள் கொடுக்கும் உரிமை, முதல் மரியாதை கேட்கும் உரிமை எல்லாம் வரும். ஆகவேதான் வாங்க மறுக்கிறார்கள்.

பூசையின் தொடக்கத்தில் எல்லாரும் மார்பில் தட்டிக்கொண்டு சொல்லும் பாவ அறிக்கையில் சிந்தனை, சொல், செயல் ஆகிய மூன்றோடு நான்காவதாக ஒன்று வருகிறது: கடமையில் தவறியது. செய்யாமல் விட்டதும் பாவமே. சாதிச் சுவர்களில் பெரும்பாலானவை இந்த நான்காவது பாவத்தின் மேல்தான் நிற்கின்றன.

இதையெல்லாம் மாற்ற முடியாது, கை வைத்தால் கலவரம் வரும் என்பார்கள். திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தின் வரலாற்றை அவர்கள் படிக்கட்டும். அங்கே வேளாளரும் நாடாரும் தனித்தனியே நின்று பூசை காண்பதற்காகவே 1872இல் கோயில் இரு பிரிவாகக் கட்டப்பட்டது. அதன் வடிவத்தைப் பார்த்து மக்கள் அதைக் 'கால்சட்டைக் கோயில்' என்றார்கள். 1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் நடுச்சுவர் இடிக்கப்பட்டது. சுவர் வேண்டும் என்றவர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும், கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதிக்கென்று தனி இடம் கேட்கும் உரிமை இல்லை என்றே முடிந்தது. அந்தச் சுவர் தலித் மக்களைப் பிரித்த சுவர் அல்ல என்பது உண்மை. ஆனால், கட்டியவர்களே மனம் வைத்தால் வழக்கத்தை இடிக்கலாம் என்பதற்கு அது சாட்சி. நூறு ஆண்டுகளுக்கு முன், அதுவும் வெள்ளைக்காரர் ஆட்சியில் முடிந்தது, இன்று ஏன் முடியாது?

மாறாக, முடிவெடுக்க வேண்டியவர்கள் முடிவெடுக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எறையூர் சாட்சி. பாகுபாட்டைத் தாங்க முடியாமல் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்ட பிரச்சினை முற்றி, 2008 மார்ச் 9 அன்று வன்முறையிலும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டிலும் போய் முடிந்தது. இரண்டு உயிர்கள் போயின. ஆக, கலவரத்தைக் கொண்டுவருவது நீதி அல்ல, தள்ளிப்போடப்பட்ட நீதிதான்.

திருச்சபை மேலிடம் பேசவில்லை என்றும் சொல்ல முடியாது. 2003 நவம்பரில் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம், கிறிஸ்தவர்களுக்குள் சாதி உணர்வின் சாயல்கூட உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரானது என்று இரண்டாம் யோவான் பவுல் எச்சரித்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, சாதிப் பாகுபாடு பாவம் என்று ஒப்புக்கொண்டது. 2022 ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார். தலித் சமூகத்திலிருந்து அந்த இடத்துக்கு வந்த முதல் மனிதர். மகிழ்ச்சிதான். ஆனால் உரோமையில் சிவப்புத் தொப்பி ஏறுவதற்கும் நம் கிராமத்தில் பிணம் பொதுப்பாதையில் போவதற்கும் இடையே தூரம் அப்படியே இருக்கிறது.

இங்கே ஒரு முரண்பாட்டை நாம் சுட்டிக்காட்டியே ஆக வேண்டும். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் அல்லாதாரைப் பட்டியல் சாதியில் சேர்க்க மறுத்தது. பிறகு 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே. அதனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்கு இல்லை. இதைத் திருத்தக் கோரி 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஐத் திருச்சபைகள் கருப்பு நாளாகக் கடைப்பிடிக்கின்றன. இந்தக் கோரிக்கையை நாமும் முழு மனதோடு ஆதரிக்கிறோம். ஆனால், மதம் மாறிய பின்னும் சாதிக்கொடுமை தொடர்கிறது என்று டெல்லியில் வாதாடுகிறவர்கள், தங்கள் பங்கில் அப்படி எதுவும் இல்லை என்று இங்கே சொல்ல முடியாது. அரசிடம் நீதி கேட்கும் கை, தன் வீட்டுச் சுவரையும் தொட வேண்டும்.

"சிறுபான்மையினருக்கு நெருக்கடி மிகுந்த நேரத்தில் இதைப் பேசலாமா, எதிரிகளுக்கு இது வாய்ப்பாகாதா?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அந்தக் கவலை நமக்கும் உண்டு. சாதி கிறிஸ்தவம் கொண்டுவந்ததல்ல. ஊர் மாரியம்மன் கோயில் தேரும் இதே தெருவில்தான் திரும்பிப் போகிறது என்பதும் தெரியும். ஆனால் சிறுபான்மைக்குள் சிறுபான்மையாக, அரசாலும் பங்காலும் இருமுறை ஒதுக்கப்பட்டவரை இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திரு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. இந்தியாவின் கத்தோலிக்கர்களில் பெரும்பான்மையினர் தலித் மக்களே. அவர்களுடைய மானம்தான் திருச்சபையின் மானம்.

இனி என்ன செய்வது? பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தைச் சொன்னால் மட்டும் போதாது. செய்த தீங்குக்கு ஈடு செய்ய வேண்டும், திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது கத்தோலிக்கப் பிள்ளைகள் சிறு வயதிலேயே படிப்பது. சாதி திருடிய பொருள் மரியாதை. அதைத் திருப்பிக் கொடுக்கும் வழியும் எளிதுதான். எல்லாருக்கும் ஒரே கல்லறைத் தோட்டம், ஒரே பாதை, ஒரே சவ வண்டி. எல்லாத் தலைக்கட்டுக்கும் ஒரே வரி, ஒரே வரிப் புத்தகம். எல்லாத் தெருவுக்கும் தேர். பாடகர் குழுவிலும் பீடச் சிறுவரிலும் பங்குப் பேரவையிலும் காலனிப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இடம். மறைமாவட்டப் பள்ளி, கல்லூரிகளில் தலித் கிறிஸ்தவ மாணவருக்கும் ஆசிரியருக்கும் எத்தனை இடம் தரப்பட்டது என்று ஆண்டுதோறும் வெளிப்படையான கணக்கு. இவற்றுக்கெல்லாம் உரோமையிலிருந்து புது ஆணை எதுவும் வர வேண்டியதில்லை. ஆயரின் ஒரு கையெழுத்தும், பங்குத்தந்தையின் கொஞ்சம் துணிச்சலும் போதும்.

மாணவர்களிடம் நாம் கேட்டுக்கொள்வது ஒன்று. மறைக்கல்வி வகுப்பில் மனச்சான்று பற்றிய பாடம் வரும்போது எழுந்து கேளுங்கள்: நம் ஊர்ச் சுவருக்கு யார் பொறுப்பு? ஆசிரியர் தடுமாறினால் வீட்டில் கேளுங்கள். கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி கொளுத்தப் போகும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கல்லறைகளுக்கும் இரண்டு மெழுகுவத்தி கொண்டுபோங்கள். ஊர்த் தெருப் பிள்ளைகள் இதைச் செய்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. சுதந்திரத்தைப் பயன்படுத்தும் வாய்ப்பு அவர்களுக்குத்தான் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது.

காலனி மக்களுக்கு ஒரு வார்த்தை. கேட்பது உங்கள் உரிமை. அது கலகம் ஆகாது. திருச்சபையின் போதனை உங்கள் பக்கம் இருக்கிறது, நாட்டின் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மனுவை எழுத்தில் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள், யார் என்ன பதில் சொன்னார் என்று பெயரோடும் தேதியோடும் குறித்துவையுங்கள். வழக்கத்துக்குப் பெயர் கிடையாது. பொறுப்புக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயர்கள் வெளியே தெரிந்தால்தான் சுவரில் முதல் செங்கல் ஆட்டம் காணும்.