நைட்டிக்கு ஓய்வு எப்போது?

பெயரில்தான் ‘நைட்’ இருக்கிறதே தவிர, நைட்டிக்கும் இரவுக்கும் நம் வீடுகளில் அதிக சம்பந்தம் கிடையாது. விடியற்காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கும்போது நைட்டி. இட்லித் தட்டை இறக்கும்போது நைட்டி. பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்ததும், ஒரு கையில் புத்தகப் பையும் மறு கையில் சாப்பாட்டு டப்பாவுமாக வாசலுக்கு ஓடும்போதும் நைட்டி. பகலில் மொட்டை மாடியில் வடாம் காய வைக்கும்போதும் அதுதான். இரவு எல்லோரும் படுத்த பிறகு அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டு வந்து படுக்கும்போதும் அதுதான். இதற்குப் ‘பகலி’ என்று பெயர் வைத்திருந்தால் கூடப் பாதி உண்மையாவது இருந்திருக்கும்!

இந்த நைட்டிக்கு இணைபிரியாத தோழி ஒருத்தி உண்டு. அவள் பெயர் துண்டு. வாசல் மணி அடித்த உடனே கை தானாகக் கொடிக்குப் போகிறது. கேஸ் சிலிண்டர்காரர் வந்தாலும் துண்டு, கூரியர் பையன் வந்தாலும் துண்டு, எதிர்வீட்டுத் தாத்தா பேப்பர் இரவல் கேட்டு வந்தாலும் துண்டு. கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடியிருக்கிற உடுப்பின்மேல் இன்னும் ஒரு போர்வை எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. புடவையில் இடுப்பு தெரிந்தால் துண்டு தேடாத நாம், எங்குமே தெரியாத நைட்டிக்குத் துண்டு தேடுகிறோம். ஆகவே, விஷயம் உடம்பு தெரிவதைப் பற்றியது அல்ல என்பது தெளிவாகிறது அல்லவா? பிறகு எதைப் பற்றியது? அதைத்தான் இந்த வாரம் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

அதே வீட்டு வாசலில், சாய்வு நாற்காலியில், லுங்கியும் பனியனுமாக ஒரு மனிதர் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டு உடுப்பில் இருக்கிறார் என்பது யாருக்குமே தோன்றுவதில்லை. கூரியர் பையன் வந்தால் அப்படியே எழுந்து கையெழுத்துப் போடுகிறார். விருந்தாளி வந்தால் “வாங்க, வாங்க” என்று அப்படியே வரவேற்கிறார். அவருக்குத் துண்டு வேண்டியிருப்பது வியர்வை துடைக்க மட்டுமே.

அவர் போட்டிருக்கும் அந்தப் பனியனுக்குள் ஒரு பெரிய கதை ஒளிந்திருக்கிறது. சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். ‘பனியன்’ என்பது ஒரு காலத்தில் உள்சட்டையின் பெயர் அல்ல. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் பெரிய மனிதர்கள் வீட்டில் அணிந்த தளர்ந்த நீண்ட அங்கிக்குத்தான் ‘பனியன்’ என்று பெயர். நம் நாட்டு வணிகர்களை வெள்ளைக்காரர்கள் ‘பனியா’ என்றும் ‘பனியன்’ என்றும் அழைத்தார்கள். அந்த வணிகர்களின் பெயரே உடுப்புக்கும் ஒட்டிக்கொண்டது. இன்று சினிமாவில் பார்க்கிறோமே டிரெஸ்ஸிங் கவுன், அதன் கொள்ளுத்தாத்தா அந்தப் பனியன்தான்.

லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்று ஒரு கடற்படை அதிகாரி இருந்தார். தினந்தோறும் நடந்ததையெல்லாம் ஒளிவு மறைவு இல்லாமல் டைரியில் எழுதி வைத்த மனிதர். 1661-ம் வருஷம் ஜூலை முதல் தேதி அவர் கடைக்குப் போய் இரண்டு சாமான்கள் வாங்கினார். ஒன்று, தம் அறைக்கு இழுப்பறைகள் வைத்த அலமாரி. விலை 33 ஷில்லிங். மற்றொன்று, தமக்கு ஓர் ‘இந்திய கவுன்’. விலை 34 ஷில்லிங். அலமாரியைக் காட்டிலும் வீட்டு உடுப்புக்கு ஒரு ஷில்லிங் கூடுதல்! 1666-ல் அவர் தம்மைப் படம் எழுதச் சொன்னபோது, ஓர் இந்திய கவுனை வாடகைக்கு எடுத்து அணிந்துகொண்டு உட்கார்ந்தார். அந்தப் படம் லண்டன் தேசிய உருவப்பட சாலையில் இன்றும் இருக்கிறது. வீட்டில் சும்மா இருக்கும்போது போடுகிற உடுப்பிலேயே சித்திரத்துக்கு உட்காருவது அந்தக் காலத்தில் பெருமையாக இருந்தது. படித்தவன், யோசிக்கிறவன், அவசரம் இல்லாதவன் என்பதற்கு அந்த அங்கி அடையாளம்.

அந்த அங்கிகளில் பல நம் கடற்கரையிலிருந்து போன துணியில் தைத்தவை. சோழமண்டலக் கரையில், சாயவேரில் சிவப்பும் அவுரியில் நீலமும் ஏற்றி, கையால் பூவும் கொடியும் எழுதிய பருத்தித் துணிகள் மூட்டை மூட்டையாகக் கப்பலேறின. நம் பாட்டிமார் ‘சீட்டித் துணி’ என்று சொன்னார்களே, அதேதான். 1639-ல் சென்னையில் ஆங்கிலேயர் கால் ஊன்றியதற்கே இந்தத் துணி வியாபாரம் முக்கியமான காரணம்.

இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. சீட்டித் துணி மலிவாகவும் அழகாகவும் வந்து குவிந்ததில் லண்டன் நெசவாளர்களுக்குப் பிழைப்புப் போயிற்று. கோபம் யார்மேல் திரும்பியது தெரியுமா? 1719-ல், தெருவில் சீட்டி உடுத்திப் போன பெண்கள்மேல்! துணியைக் கிழித்தார்கள், மையையும் திராவகத்தையும் வீசினார்கள். 1721-ல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுப்பதே குற்றம் என்று சட்டம் வந்தது. 1774 வரையில் அந்தத் தடை நீடித்தது. வியாபாரம் செய்தது கம்பெனி. லாபம் எடுத்தவர்கள் முதலாளிகள். அடிபட்டவள் தெருவோடு போன பெண். உடுப்புச் சண்டைகளில் இது பழைய வழக்கம் போலிருக்கிறது.

ஆண்களின் அங்கிக்கோ நாளுக்கு நாள் மவுசுதான். துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ், டிரெஸ்ஸிங் கவுனைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தபடியே எத்தனையோ மர்மங்களை அவிழ்த்தார். நம் பழைய தமிழ்ப் படங்களில் பங்களாவின் வளைந்த மாடிப்படியில் ஒரு பணக்காரத் தகப்பனார் பளபளக்கும் கவுனும் வாயில் பைப்பும் வைத்துக்கொண்டு இறங்கி வருவாரே, நினைவிருக்கிறதா? சென்னை வெயிலில் அந்தப் பட்டுக் கவுனுக்குள் அவருக்கு எவ்வளவு வியர்த்திருக்கும் என்பது வேறு விஷயம். ‘இவர் வீட்டுக்கு எஜமானர், இப்போது ஓய்வாக இருக்கிறார்’ என்பதைச் சொல்ல டைரக்டருக்கு அந்த ஒரு உடுப்பே போதுமானதாக இருந்தது.

இப்போது பெண்களின் வீட்டு உடுப்புக்கு வருவோம். ஆந்திராவில் அன்றைய மேற்குக் கோதாவரி ஜில்லாவில் தோகலபல்லி என்று ஒரு கிராமம். 2018-ல் அவ்வூர்ப் பெரியவர்கள் கூடி ஒரு கட்டுப்பாடு விதித்தார்கள். காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை பெண்கள் நைட்டி அணியக் கூடாது; மீறினால் 2,000 ரூபாய் அபராதம்; காட்டிக் கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் இனாம்! செய்தி வெளியே வந்ததும் அதிகாரிகள் ஊருக்குப் போய் விசாரித்தார்கள். லுங்கிக்கும் பனியனுக்கும் ஏதாவது அபராதம் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். அது பற்றி அந்தக் கட்டுப்பாட்டில் பேச்சே இல்லை.

ஆந்திராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு நாம் சும்மா இருந்துவிட முடியாது. அபராதம் இல்லாத தீர்ப்புகள் நம் வீடுகளிலும் தினமும் வழங்கப்படுகின்றன. “நாலு பேர் வந்து போகிற வீடு, இப்படியா நிற்பது?” என்று ஒரு குரல். “எப்போது பார்த்தாலும் நைட்டியோடேயே இருக்கிறாளே!” என்று இன்னொரு குரல். சொல்லுகிறவர் சில சமயம் கணவர். சில சமயம், தாமே நைட்டி அணிந்திருக்கும் மாமியார்!

இந்தக் குரல்களில் உள்ள குறை என்ன? ஓய்வாக இருக்கிற மனுஷிக்கும் வேலை செய்துகொண்டிருக்கிற மனுஷிக்கும் இவர்கள் வித்தியாசம் பார்ப்பதில்லை. ஆண் வீட்டுக்கு வந்து உடை மாற்றினால் ‘வேலை முடிந்தது’ என்று அர்த்தம். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார் என்றால் ஆபீஸ் அந்த ஆணியிலேயே தொங்குகிறது. ஆனால் வீடு பெண்ணுக்கு என்ன? அதுதானே அவளுக்கு வேலை செய்கிற இடம்! மாவு தெறிக்கும், எண்ணெய் தெறிக்கும், குழந்தை மேலே பால் கக்கும், குழாயடியில் நனையும். முந்தானையைச் செருகிக்கொண்டு இவ்வளவையும் செய்ய முடியும் என்பது வாஸ்தவம்தான். நம் அம்மாக்கள் செய்தார்கள். ஆனால் மூன்று மீட்டர் பருத்தித் துணியில் தைத்த, துவைக்கச் சுலபமான, இஸ்திரி தேவைப்படாத ஓர் உடுப்பு கிடைத்தபோது அவர்களே அதை முதலில் வரவேற்றார்கள். பிரசவித்த பெண்ணுக்கும், முதுகு வலிக்கும் பாட்டிக்கும் அது ஒரு வரப்பிரசாதம். பீப்ஸ் துரையின் கவுன் ஓய்வின் அடையாளம் என்றால், நம் நைட்டி உழைப்பின் யூனிஃபாரம். யூனிஃபாரத்தோடு நிற்கிறவளைச் சோம்பேறி என்று சொல்லுவது எந்த ஊர் நியாயம்?

ஆகையால் ‘நைட்டி அணியலாமா, கூடாதா?’ என்பது கேள்வியே அல்ல. கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் பெண் எப்போது உடை மாற்றுகிறாள்? காலையில் போட்ட நைட்டியோடு வேலை தொடங்கி, அதே நைட்டியோடு படுக்கப் போகிறாள் என்றால், நடுவில் ‘இதோ, என் வேலை முடிந்தது’ என்று அவள் சொல்லிக்கொள்ள ஒரு நிமிஷம்கூட வாய்க்கவில்லை என்று அர்த்தம். ஆபீசுக்குப் போகிற பெண்ணின் கதை இன்னும் வேடிக்கை. மாலையில் சுடிதாரை மாற்றி நைட்டி போட்டாள் என்றால், ஒரு வேலை முடிந்து இன்னொரு வேலை ஆரம்பமாகிறது!

சரி, உடுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டு, உபயோகமாக நாலு வார்த்தை சொல்லாமல் போகலாமா?

முதலாவது, அடுப்படியில் நிற்கும்போது பருத்தி நைட்டியே நல்லது. நைலான், பாலியெஸ்டர் துணிகள் பூப்பூவாக அழகாக இருக்கும்; ஆனால் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் தீப்பற்றக் கூடியதே. ஆகவே தொங்கும் அகலக் கைகளும், லேஸ் வைத்த கீழ் மடிப்பும் சமையலறைக்கு வேண்டாம். தோளில் போட்ட துண்டையும் துப்பட்டாவையும் அடுப்பைப் பற்றவைக்குமுன் எடுத்துவிடுங்கள். மானத்தைக் காக்கிற துண்டு உயிருக்கு உலை வைக்கக் கூடாது.

தப்பித் தவறி உடுப்பில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் காற்றில் தீ இன்னும் வளரும். உடனே தரையில் படுத்து உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கனமான போர்வையைப் போட்டு அணைக்கலாம். பிறகு, புண்ணின்மேல் இருபது நிமிஷம் சாதாரணக் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். இங்க், பற்பசை, மாவு எதுவும் தடவாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, நீளம் கணுக்காலுக்குச் சற்று மேலேயே நிற்கட்டும். மாடிப்படியிலும் ஈரமான குளியலறையிலும் தடுக்கி விழுகிறவர்களில் நம் வீட்டுப் பெரியவர்கள் உண்டு.

மூன்றாவது, பை! தைக்கக் கொடுத்தாலும் சரி, கடையில் வாங்கினாலும் சரி, நல்ல ஆழமான பை ஒன்று கேட்டு வாங்குங்கள். சாவி, சில்லறை, போன், மூக்குக் கண்ணாடி இவ்வளவையும் இடுப்பிலும் கையிலுமாகச் சுமப்பானேன்? ஆண்களின் சட்டையில் கேட்காமலே வருகிற பை, பெண்ணின் உடுப்பில் மட்டும் கேட்டால்தான் வருகிறது.

நான்காவதுதான் மிகவும் முக்கியம். வேலைக்கு ஒரு நைட்டி, இரவுக்கு ஒரு நைட்டி என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இரவு எட்டரையோ ஒன்பதோ, உங்கள் வீட்டுக்கு ஒத்துவருகிற ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு, முகம் கழுவி, வெளுத்துக் காய்ந்த மற்றொன்றை அணிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு “காபி கிடைக்குமா?” என்று கூடத்திலிருந்து குரல் வந்தால், “டப்பா இரண்டாவது தட்டில் இருக்கிறது” என்று அன்பாகப் பதில் சொல்லுங்கள். முதல் நாள் ஆச்சரியப்படுவார்கள். இரண்டாம் நாள் முணுமுணுப்பார்கள். மூன்றாம் நாள் டப்பா இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

அந்த மாற்று உடுப்பு கவுனாக இருந்தாலும் சரி, நைட்டியாக இருந்தாலும் சரி, பழைய புடவையாக இருந்தாலும் சரி, அதைப் போட்டவுடன் வேலை முடிந்துவிட வேண்டும். அப்படி முடிந்துவிட்டால், ‘நைட்டி’ என்ற பெயரும் ஒருவாறு பொருத்தமாகிவிடும்.